மாடி ஜன்னலுக்குத் தூக்கிக் காட்டியது

நம் சித்திரையான மேட மாதத்து வெயிலிலும் இந்த ஊர்க்காரர்களுக்குப் பனி பிடிக்கிறது. நேற்று மதியம் சாலை பஜாரில் நான் வேலை பார்க்கும் பாத்திரக் கடைக்கு ஒருவர் வந்தார். ரோட்டுத் தார் செருப்பில் ஒட்டுகிற வெயில். அவர் கழுத்தைச் சுற்றித் துண்டு கட்டியிருந்தார். கஞ்சி வைக்க ஒரு சின்ன அலுமினியச் சட்டி வேண்டும் என்றார். "வீட்டில் எல்லார்க்கும் பனியாணு." சட்டியைத் தட்டிக் காட்டிக் கொடுத்தேன். ஊரிலிருந்து இதை வாசிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன்: மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல். நம் மார்கழிப் பனிக்கு இவர்கள் மஞ்ஞு என்று வேறு சொல் வைத்திருக்கிறார்கள். தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கும் நம்மவர்களுக்கு முதல் வாரத்திலேயே யாராவது இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். இப்போதெல்லாம் நானே சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். ஆனாலும் அந்தச் சொல் எதிர்பாராமல் காதில் விழும்போது செய்துகொண்டிருக்கும் வேலையில் என் கை ஒரு கணம் நின்றுபோகிறது. எனக்கு அதை முதல் வாரத்தில் யாரும் சொல்லவில்லை. நானும் யாரிடமும் கேட்கவில்லை.

எழுபதுகளின் நடுவில், சங்கரன்கோவில் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து நானும் என் மனைவி கோமதியும் இங்கே வந்தோம். அவளுக்கு அப்போது ஐந்து மாதம். கடை முதலாளி நம் பக்கத்துக்காரர், கடைக்குள் தமிழ் போதும். வாங்க வருகிறவர்கள் பாத்திரத்தை விரலால் காட்டுவார்கள், நானும் விரலால் விலை சொல்லிவிடுவேன். வலியசாலை அக்கிரகாரத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் ஓர் அறையும் அடுப்படியும் கிடைத்தன. தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பது நம் வழக்கம். கோமதிக்குத் தாய் இல்லை, சின்னம்மா கூப்பிடவில்லை. என் முப்பிடாதி அக்காதான் ஆள் விட்டு ஆள் சொல்லியனுப்பினாள்: "இங்க கொண்டு வந்து விடு. இல்லன்னா நான் வந்து நாப்பது நாள் கூட இருக்கேன்." அக்காவுக்குக் கல்யாணமாகிப் பதினைந்து வருடம், குழந்தை இல்லை. நான் கார்டு போட்டேன். இங்கே பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது, டாக்டர்கள் இருக்கிறார்கள், எல்லாம் நானே பார்த்துக்கொள்வேன், நீ அலைய வேண்டாம். பட்டணத்துக்கு வந்து நான்கு மாதமான ஒருவனின் திமிர் அந்தக் கார்டில் இருந்தது. அக்காவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தபால்காரர் அதை வாசித்துக் காட்டும்போது அவள் முகம் எப்படி இருந்திருக்கும் என்று அன்றைக்கு நான் யோசிக்கவில்லை.

கர்க்கடக மழையில், நம் ஆடியில், பெண் குழந்தை பிறந்தது. மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பும்போது கண்ணாடி போட்ட ஒல்லியான நர்ஸ் ஒருவர் என்னை வராந்தாவில் நிறுத்தி, நிதானமாகத்தான் சொன்னார்: "பனி வந்நால் வீட்டில் வச்சோண்டிரிக்கருது. அப்போத்தன்னெ இவிடெ கொண்டுவரணம். மனசிலாயோ?" எனக்குப் பிடிபட்டது பனி, வீடு என்ற இரண்டு சொற்கள்தான். கடைசியில் வந்த 'கருது' என்பதை எச்சரிக்கையாக இரு என்று எடுத்துக்கொண்டேன். வேண்டாம் என்று தடுக்கிற சொல் அது என்று தெரியாது. 'கொண்டுவரணம்' என்பதைக் குழந்தைக்கு ஊசி போடக் கொண்டுவர வேண்டும்போல என்று நானே முடிவு செய்தேன். இந்த ஊரில் நான் முதலில் கற்றுக்கொண்ட சொல் மனசிலாயி. புரிந்தது என்று அர்த்தம். கடையிலும் பஸ்ஸிலும் அதைச் சொன்னால் எதிரே நிற்பவர் திருப்தியாகப் போய்விடுவார். "மனசிலாயி, மனசிலாயி" என்று இரண்டு தரம் தலையாட்டினேன். நர்ஸ் சிரித்துவிட்டு உள்ளே போனார். ஒரு மொழி தெரியாததில் குற்றம் இல்லை என்று பின்னால் பலர் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். தெரியாததற்காக நான் வருந்தவில்லை. தெரிந்ததுபோல் தலையாட்டியதற்காகத்தான் இத்தனை வருடமும்.

வீட்டுக்கு வந்த மறுநாளே கோமதிக்குக் குளிர் எடுத்தது. தொட்டால் சுட்டது. பால் கட்டினால் காய்ச்சல் வரும் என்று ஊரில் பெண்கள் பேசிக் கேட்டிருக்கிறேன். பனி ஆகாது என்று நர்ஸே சொல்லியிருக்கிறாரே என்று ஜன்னல் இரண்டையும் அடைத்தேன், இடுக்கில் சாக்கைத் திணித்தேன், சட்டியில் கனல் போட்டுக் கட்டில் பக்கத்தில் வைத்தேன். சுக்கு தட்டிக் கஷாயம் கொடுத்தேன். ஒன்றை நேரடியாகச் சொல்லிவிடுகிறேன்: அந்த மூன்று நாளும் நான் சந்தோஷமாக இருந்தேன். இத்தனை அக்கறையாக மனைவியைப் பார்த்துக்கொள்கிறவன் எங்கள் தெருவில் யார் இருக்கிறான் என்றுகூட நினைத்தேன்.

மூன்றாம் நாள் காலையில் பக்கத்து வீட்டுத் தங்கம்ம சேச்சி வந்தார். கணவர் பஸ் கண்டக்டர், பள்ளிக்கூடம் போகிற மூன்று பிள்ளைகள். குழந்தையைப் பார்க்க வந்தவர் கோமதியின் நெற்றியில் கைவைத்ததும் இழுத்துக்கொண்டார்.

"அய்யோ, பனிக்குந்நல்லோ! எத்ற திவசமாயி?" எத்தனை நாளாயிற்று என்று கேட்டிருக்கிறார்.

"பனி படாமத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன் சேச்சி. ஜன்னலத் தொறக்கவே இல்ல."

"எந்து ஜன்னல்? தேகம் சுட்டுபொள்ளுந்நு. பனி வந்நால் கொண்டு செல்லணமெந்நு ஆஸ்பத்திரீன்னு பறஞ்ஞில்லே?"

அடைத்த ஜன்னலையும் கனல் சட்டியையும் என்னையும் அவர் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தன் நெற்றியில் கைவைத்து, கண்ணை மூடி, குளிரில் நடுங்குவதுபோல் நடித்துக் காட்டி, "இது. இதாணு பனி" என்றார். நர்ஸ் சொன்ன வாக்கியம் முழுவதும் அப்போதுதான் எனக்கு விளங்கியது: காய்ச்சல் வந்தால் வீட்டில் வைத்துக்கொண்டிருக்கக் கூடாது, உடனே இங்கே கொண்டுவர வேண்டும்.

ஆஸ்பத்திரியில் லேடி டாக்டர் மதராஸில் படித்தவர், நல்ல தமிழ் பேசினார். கர்ப்பப்பையில் சீழ் வைத்துவிட்டது என்றார். "மூணு நாளா காய்ச்சலோட வீட்ல வச்சிருந்தீங்களா? போகும்போது சிஸ்டர் ஒண்ணும் சொல்லலையா?" அதே நர்ஸ் பக்கத்தில் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். உண்மையைச் சொல்ல எனக்கு ஒரு வாய்ப்பு இருந்தது. தமிழிலேயே சொல்லியிருக்கலாம். "சொல்லல டாக்டர்" என்றேன். டாக்டர் திரும்பி நர்ஸிடம் கடுமையாக ஏதோ கேட்டார். "ஞான் பறஞ்ஞதாணு டாக்டர்" என்றார் நர்ஸ். நான் சொன்னேன் டாக்டர். அந்த வாக்கியம் மட்டும் யாரும் விளக்காமலே எனக்குப் புரிந்தது. அவர் கண்ணில் நீர் நின்றது. நான் தரையைப் பார்த்தேன்.

தாயின் சீழ் குழந்தைக்கு ஆகாது என்று கோமதியை மட்டும் மாடி வார்டில் படுக்க வைத்தார்கள். ஆறு நாள் குழந்தையோடு நான் வீட்டுக்கு வந்தேன். அதுவரை குழந்தையை நான் சரியாகத் தூக்கியதுகூட இல்லை. தலை நிற்காது, கழுத்துக்குக் கீழே கை கொடுக்க வேண்டும், பால் குடித்ததும் தோளில் போட்டுத் தட்ட வேண்டும் என்பதையெல்லாம் தங்கம்ம சேச்சிதான் சொல்லிக்கொடுத்தார். குளிப்பாட்டக் கற்றுக்கொடுத்த அன்று சந்தில் பாதிப் பேர் வாசலில் நின்று பார்த்தார்கள். "காலு நீட்டி இரிக்கு அண்ணாச்சி. மடியிலல்ல, காலின்மேலெ கிடத்து." வேட்டியை மடித்துக் கட்டி, காலை நீட்டி உட்கார்ந்து, கணுக்காலில் தலையும் தொடைப் பக்கம் காலுமாகக் குழந்தையைக் கிடத்தினேன். எண்ணெய் வழுக்கிற அந்த உடம்பில் என் காலின் முடி உறுத்துமோ என்று பயமாக இருந்தது. ஒரு கை வெந்நீர் விட்டதும் அவள் அழுகையை நிறுத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள். வாசலில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். ஊரில் என்றால் ஓர் ஆண் இப்படி உட்கார்ந்திருக்க மாட்டான். உட்கார்ந்தாலும் அந்தப் பேச்சு ஒரு தலைமுறைக்கு ஓடும். இங்கே என்னைத் தெரிந்தவர் யாரும் இல்லை என்பது அன்றைக்கு ஒரு பெரிய விடுதலையாக இருந்தது.

பாலாடையில் பால் புகட்டினேன். முதலில் பாதி காதுக்குள் போயிற்று. கோமதியின் பழைய சேலையில் தொட்டில் கட்டினேன், அவள் வாசம் அதில் இருந்ததால் பிள்ளை அதில் மட்டும் அடங்கினாள். கர்க்கடகத்தில் துணி காயாது. மூங்கில் கூடையைக் கனலின் மேல் கவிழ்த்து, அதன்மேல் ஒவ்வொன்றாகப் போட்டுக் காய வைத்தேன். தாலாட்டு ஒன்றும் எனக்குத் தெரியாது. கடைச் சரக்கைத்தான் வரிசையாகச் சொல்லி ஆட்டினேன்: தூக்குவாளி, போணி, சருவம், உருளி, கிண்டி, நிலவிளக்கு. உருளிக்கு வரும்போது தூங்கிவிடுவாள். முதலாளி பத்து நாள் பொறுத்துக்கொண்டார்.

சாயங்காலம் நான்கு மணிக்குப் பார்வையாளர் நேரம். குழந்தையை மேலே கொண்டுபோக விடமாட்டார்கள். சேச்சி கஞ்சியோடு மாடிக்குப் போவார். நான் கீழே முற்றத்தில், ஜன்னலுக்கு நேரே, குடையைத் தோளில் சாய்த்துக்கொண்டு பிள்ளையைத் தூக்கிப் பிடிப்பேன். கோமதி கம்பியைப் பிடித்து எழுந்து நின்று பார்ப்பாள். அவ்வளவு உயரத்திலிருந்து துணிச்சுருளைத் தவிர வேறு எதுவும் தெரிந்திருக்காது. ஆனாலும் இரண்டு கையையும் காற்றில் வழித்து, தன் நெற்றிப்பொட்டில் வைத்து நெட்டி முறிப்பாள். பிறகுதான் படுப்பாள்.

பன்னிரண்டாம் நாள் பிள்ளைக்கு வயிறு சரியில்லாமல் போயிற்று. ஒரு நாள் முழுக்கப் பால் தங்கவில்லை. டாக்டரிடம் காட்டி மருந்து வாங்கினேன். அது நின்றாலும் என் பயம் நிற்கவில்லை. ஒரு தவறு போதாதா, இதையும் கெடுத்துவிடுவேனோ என்று ராத்திரி முழுக்க விழித்துக் கிடந்தேன். ஊரிலிருந்து சரக்கு கொண்டுவரும் லாரிக்காரரிடம் அக்காவுக்குச் சொல்லியனுப்பினேன். மூன்றாம் நாள் காலை அக்கா வந்து நின்றாள். என் கார்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பிள்ளையை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். அவள் முகத்தில் அப்படி ஒரு நிறைவை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

"ஏல தம்பி, நீ கடைக்குப் போவியா, ஆஸ்பத்திரிக்குப் போவியா, இதப் பாப்பியா? நான் ஊருக்குக் கொண்டு போறேன். மாட்டுப்பால் இருக்கு, வெயில் இருக்கு. அவ எந்திரிச்சு நடமாடட்டும், கொண்டாந்து விட்டிருதேன்."

"கோமதிகிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிடுதேன்க்கா."

"சீக்காக் கெடக்கவகிட்ட என்னத்தக் கேக்க? கேட்டா அழுவா. பிறவு சொல்லிக்கிடலாம்."

அவள் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. அதைவிட, எனக்குத் தூக்கம் வேண்டியிருந்தது. இதை எழுதாமல் விடலாம், ஆனால் அதுதான் உண்மை. வெள்ளிக்கிழமை மதியம் தம்பானூரில் தென்காசி பஸ்ஸில் அக்காவை உட்கார வைத்து, ஜன்னல் வழியாகப் பிள்ளையைக் கொடுத்தேன். பஸ் நகர்ந்தபோது என் கைகள் குழந்தையைத் தாங்கும் வளைவிலேயே நின்றன. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவற்றை இறக்கினேன்.

அன்று நான்கு மணிக்கு, கோமதியிடம் மேலே போய்ச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவளுக்குத் துவைத்த துணிகளைத் துண்டில் சுற்றி, மழைக்கு நனையாமல் மார்போடு அணைத்து வைத்திருந்தேன். முற்றத்துக்குள் நுழையும்போதே அவள் ஜன்னலில் நின்றாள். என் கையிலிருந்ததைப் பார்த்துக் கையசைத்தாள். நான் யோசிக்கவில்லை. அந்தத் துணிமூட்டையை மேலே தூக்கிப் பிடித்தேன். அவள் காற்றை வழித்து நெட்டி முறித்தாள். துணிகளைத் திருப்பி வீட்டுக்கே கொண்டு வந்தேன்.

முதல் நாள் தானாக நடந்தது. மறுநாள் நான் அதை உட்கார்ந்து சுற்றினேன். தலைக்கு ஒரு துண்டைத் திரட்டி வைத்தேன். சேச்சி பார்த்துக்கொண்டு நின்றார். "இது செய்யருது அண்ணாச்சி" என்றார். அருது என்றால் கூடாது என்று இப்போது எனக்குத் தெரிந்திருந்தது. "காய்ச்சல் முழுசா விடட்டும் சேச்சி, சொல்லிருதேன்" என்றேன். அவர் கோமதியிடம் எதுவும் சொல்லவில்லை, ஆனால் அதற்குப்பிறகு என்னோடு சேர்ந்து நடக்காமல் பத்தடி முன்னால் நடந்தார். ஐந்து நாள் அப்படித் தூக்கிக் காட்டினேன். ஐந்து நாளும் அவள் நெட்டி முறித்தாள்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் டாக்டர் என்னைத் தனியே அழைத்து, உயிர் தப்பியது பெரிது, இனி குழந்தை உண்டாகாது என்றார். வெளியே வந்தபோது வார்டு வாசலில் அந்த நர்ஸ் நின்றார். என் பொய்க்குப் பிறகும் கோமதியை அவர்தான் கழுவித் துடைத்துப் பார்த்தார். எப்படியாவது சொல்லிவிட வேண்டும் என்று அருகில் போனேன். "சிஸ்டர், தப்பு. தப்பு என்மேலதான்." அவர் புரியாமல் பார்த்தார். "எந்து போயி?" என்று கேட்டுக்கொண்டே கட்டிலுக்கடியில் குனிந்து கையால் துழாவினார். தப்புவது என்றால் இங்கே துழாவித் தேடுவது. நான் எதையோ தொலைத்துவிட்டேன் என்று நினைத்துவிட்டார். கட்டிலுக்கடியிலிருந்து என் குடையை எடுத்து, "இதல்லே?" என்று நீட்டினார். வாங்கிக்கொண்டேன். நன்றி சொன்னேன். மலையாளத்தில் தவறுக்குத் தெற்று என்று பெயர். அதைத் தெரிந்துகொண்டு நான் திரும்பிப் போனபோது அவர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போயிருந்தார்.

ஆட்டோவில் கோமதி கேட்டாள், "பிள்ளைய இப்ப யாரு வச்சிருக்கா? சேச்சியா?"

"அக்கா ஊருக்குக் கொண்டு போயிருக்கா."

"என்னைக்கு?"

"வெள்ளிக்கிழம."

அவள் விரலை மடக்கி எண்ணினாள். அன்று புதன்கிழமை.

"அப்பம் நீங்க சன்னலுக்குக் கீழ நின்னு தூக்கிக் காட்டுனது?"

ஆட்டோ சாலைக் கடைத்தெரு நெரிசலில் நின்று நின்று போயிற்று. அவள் அழவில்லை. தன் இரண்டு கைகளையும் மடியில் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "தெனமும் நெட்டி முறிச்சேனே" என்று மட்டும் சொன்னாள், என்னிடம் அல்ல.

அவளுக்குப் பஸ்ஸில் உட்கார உடம்பு தேற இரண்டு மாதம் ஆயிற்று. பால் வற்றிவிட்டிருந்தது. ஊருக்குப் போனோம். அக்கா பிள்ளைக்குச் சங்கரி என்று பெயர் வைத்துக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். கன்னம் உப்பி, கண்ணில் மை தீட்டி, வேறு பிள்ளைபோல் இருந்தாள். கோமதி வாங்கியதும் வீறிட்டாள். அக்கா கைக்குப் போனதும் நின்றாள். "எடுத்துட்டுப் போங்க, உங்க பிள்ளதான" என்று அக்கா சொன்னாள், சொல்லும்போது பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கோமதிக்கு அப்போது ஒரு குடம் தூக்கக்கூடத் தெம்பில்லை. "இருக்கட்டும் மதினி, இன்னுங் கொஞ்ச நாள்" என்றாள். நான் அப்போதாவது பேசியிருக்க வேண்டும். ஏழாம் நாளிலிருந்து பிள்ளையைக் குளிப்பாட்டியவன் நான், உருளி என்றால் தூங்குகிறவள் அவள் என்று. அந்தக் கொஞ்ச நாள் நான்கு வருடமாயிற்று.

பள்ளியில் சேர்க்கிற வயதில் சங்கரியைக் கூட்டி வந்தோம். அக்கா பஸ் ஏறாமல் வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டாள். சங்கரி முதல் ஆறு மாதம் எங்களோடு அதிகம் பேசவில்லை. பிறகு பேசினாள், சேச்சியின் பிள்ளைகளிடம் மலையாளத்தில். இப்போது அவளுக்குப் பத்து வயது. வீட்டில் தமிழ்தான் பேசுகிறாள், இடையிடையே 'அல்லே' என்றும் 'கேட்டோ' என்றும் சேர்த்துக்கொண்டு. எழுதத் தெரிந்தது மலையாளம் மட்டும். என்னைக் கண்டால் பிரியம்தான். தோளில் தொங்குவாள். ஆனால் உடம்புக்கு முடியாமல் போனால் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வாள். நாங்கள் இரண்டு பேரும் கட்டிலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்போம். கோமதி என்னை ஒரு நாளும் குத்திக் காட்டியதில்லை. காட்டியிருந்தால் நானும் எதிர்த்து இரண்டு வார்த்தை பேசி, எங்கேயோ ஓரிடத்தில் இது தீர்ந்திருக்கும்.

மாதம் ஒரு தடவை சங்கரி ஊருக்குக் கடிதம் எழுதுகிறாள். பேச்சு தமிழ், எழுத்து மலையாளம். அதை ஊரில் தபால்காரரால் வாசிக்க முடியாது என்பதால், மலையாளம் எழுத்துக் கூட்டப் பழகிவிட்ட நான் ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்து ஓர் இன்லண்டு லெட்டரில் தமிழ் எழுத்தில் பெயர்த்து எழுதுவேன். வாய்விட்டு வாசித்துக்கொண்டே எழுதுவது என் பழக்கம். அடுப்படியில் கோமதிக்குக் கேட்கும். சங்கரி முதல் வரியில் 'அன்புள்ள அம்மாவுக்கு' என்றுதான் எப்போதும் எழுதுவாள். எழுதும்போது அப்படியே எழுதுவேன். வாசிக்கும்போது மட்டும் 'அன்புள்ள அத்தைக்கு' என்பேன். இரண்டு வருடமாக இது நடந்தது.

போன ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான் ஆரம்பித்தேன். கோமதி கையைத் துடைத்துக்கொண்டு வந்து வாசல்படியில் நின்றாள்.

"அவ என்ன எழுதியிருக்காளோ அதயே வாசிங்க."

"அதத்தான்..."

"எனக்குத் தெரியும். என்னைக்கோ தெரியும். உள்ளதயே வாசிங்க."

வாசித்தேன். "அன்புள்ள அம்மாவுக்கு, சங்கரி எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் அம்மாவும் சுகம். அங்கே அம்மா சுகமா? லீவுக்கு வரும்போது அம்மா எனக்குப் பாவாடை தைத்துத் தருவாள். அதை அம்மாவிடம் காட்டுவேன்." எந்த அம்மா எந்த அம்மா என்று காகிதத்தில் ஓர் அடையாளமும் இல்லை. வாசித்த எனக்கே ஓரிடத்தில் குழம்பியது. கோமதி நான் அப்படியே எழுதி முடிக்கும்வரை நின்றாள். பிறகு காகிதத்தை வாங்கி, மூன்றாக மடித்து, ஓரத்துப் பசையை ஈர விரலால் தடவி, பிரிந்துவிடாதபடி நகத்தால் அழுத்தி அழுத்தி ஒட்டினாள்.